வலது கைப் பிரேக்

எங்கள் வீட்டில் யாரும் முன் பிரேக் பிடித்ததில்லை. சைக்கிளில் வலது கைப் பிடியை அழுத்தினால் முன் சக்கரம் நிற்கும், இடது கைப் பிடியை அழுத்தினால் பின் சக்கரம் நிற்கும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். அகரத்தில் எங்கள் வீட்டிலும் பங்காளி வீடுகளிலும் மட்டும் வலது கைக்கு அந்த வேலை கிடையாது. அது மணி அடிப்பதற்கு. புது சைக்கிள் வந்தால் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு ஸ்பேனரை எடுத்து முன் பிரேக் கம்பியைக் கழற்றிவிடுவார் அப்பா. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது அதற்குப் பிறகுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பா எங்கள் தோட்டத்து மல்லிகையைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் கொண்டுபோவார். அப்போதைய சைக்கிள்களில் கம்பி பிரேக். பிடியை அழுத்தினால் ஓர் இரும்புக் கம்பி மேலே இழுபடும். அதன் அடியில் லாடம்போல வளைந்த இரும்பு ஒன்று இருக்கும். அதன் இரண்டு முனைகளிலும் உள்ள ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தைப் போய் அழுத்தும். சூட்சுமம் அவ்வளவுதான். கட்டை தேய்ந்தால் புதிது வாங்குவது குறைவு. பழைய டயரை அறுத்துச் செருகிக்கொள்வார்கள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். விடியற்காலையில் அப்பாவோடு கேரியரில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாரில் இரண்டு பூக்கூடைகள். முன் பிரேக்கில் செருகிய டயர்த் துண்டு வழியில் எங்கேயோ கழன்று விழுந்தது அப்பாவுக்குத் தெரியாது. தாடிக்கொம்பு தாண்டி ஓர் எருமை குறுக்கே வந்தது. அப்பா இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார். கட்டை இல்லாத லாடம் புரண்டு போக்ஸ் கம்பிகளுக்குள் நுழைந்தது. முன் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டது. என் கண் முன்னால் அப்பா ஹேண்டில்பாருக்கு மேலே எழும்பி அந்தப் பக்கம் போய் விழுந்தார். மல்லிகை முழுவதும் தார் ரோட்டில். எருமை நின்று முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்பா எழுந்து முதலில் என் கை காலைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் வாய்க்குள் விரலை விட்டு ஒரு பல்லை வெளியே எடுத்தார்.

“அழுவாத ஆத்தா. பல்லுதான போச்சு? பூவ அள்ளு, வெயில் வந்துரும்.”

அன்று சாயங்காலமே முன் பிரேக்கைக் கழற்றினார். கம்பி வீணாகவில்லை. அம்மா அதன் நுனியைக் கல்லில் தேய்த்துப் பணியாரம் திருப்ப வைத்துக்கொண்டாள். அதற்குப் பின் பங்காளி வீடுகளிலும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். எங்கள் தெருவில் எந்தக் கடையிலும் வாங்காத பணியாரக் கம்பிகள் நான்கு இருந்தன.

நான் எட்டாவது படிக்கும்போது எனக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் வந்தது. அதில் ஒயர் பிரேக். நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு கைகள் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும். லாடம் இல்லை, போக்ஸுக்குள் நுழைய எதுவும் இல்லை. அப்பா ஸ்பேனரை எடுத்தார்.

“இதுல லாடமே இல்லப்பா,” என்றேன்.

“லாடம் இல்லாட்டி என்ன? சக்கரம் முன்னாடிதான இருக்கு?”

அந்தப் பதிலுக்கு அன்று நான் சிரித்தேன். கூட இருந்த அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்காமல் வலது பக்க ஒயரை உருவி எடுத்தார். அந்தச் சைக்கிளை இடது கையாலும் செருப்பாலும் ஐந்து வருடம் நிறுத்தினேன். மழைக்காலத்தில் ஒயர் உறைக்குள் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். அப்போது காலைத் தூக்கி ரப்பர் செருப்பை முன் டயரில் வைத்து அழுத்த வேண்டியதுதான். பள்ளிக்கூட வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்தாலே யார் வீட்டுச் சைக்கிளில் பிரேக் இல்லை என்று தெரியும். வலது செருப்பின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

கல்யாணமாகித் திண்டுக்கல் டவுனுக்கு வந்தேன். என் கணவர் லாரி டிரைவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறார். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள். அவளுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்ததற்கு அவர் கொடுத்த வாக்கு ஒரு சைக்கிள். அது வாங்கத்தான் நானும் அவளும் கடைக்குப் போனோம்.

“ம்மா, இது டிஸ்க் பிரேக். ரிம்மைத் தொடாது. சக்கரத்து நடுவுல தட்டு இருக்கு பாரு, அதத்தான் பிடிக்கும். ரிம் நனைஞ்சாலும் நிக்கும்.”

“தட்டு வளைஞ்சிட்டா?”

“உரசும்.”

“உரசினா?”

“சத்தம் வரும்.”

“சத்தம் வந்தா?”

“நீ சைக்கிள் வாங்க வந்தியா, கொலைக் கேஸ் விசாரிக்க வந்தியா?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் என் கண் அந்த முன் சக்கரத்தின் தட்டிலேயே இருந்தது. இவ்வளவு நன்றாகப் பிடித்தால் பிள்ளை எப்படிப் பறக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. கம்பி பிரேக்கில் அப்பா பறந்தது பிரேக் நன்றாகப் பிடித்ததால் அல்ல, கட்டை கழன்று லாடம் சிக்கியதால்தான். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, நானே கேரியரில் உட்கார்ந்து பார்த்தவள். இருந்தும் முப்பத்தைந்து வருடமாக என் மனதில் நின்றது லாடம் அல்ல, அப்பா எழும்பிப் போனதுதான்.

மறுநாள் அவள் டியூஷனுக்கு நடந்து போயிருந்த நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருமுனைக் கடைக்குப் போனேன். அங்கே ரிப்பேர் பார்க்கும் பாய்க்குக் கம்பி பிரேக்கும் தெரியும், பேட்டரி சைக்கிளும் தெரியும்.

“பாய், இதுல முன் பிரேக்கைக் கழட்டிருங்க.”

“புது வண்டிம்மா. எதுக்கு?”

“புள்ள குப்புற விழுந்துரும்.”

“இது பழைய வண்டி மாதிரி இல்லம்மா. ரெண்டையும் சேத்துப் பிடிச்சா அம்சமா நிக்கும். நிறுத்துறதுல பாதிக்கு மேல முன் சக்கரந்தான். அதக் கழட்டினாத்தான் ஆபத்து.”

“அப்பக் கழட்ட வேணாம். லூசாக்கி விடுங்க. பேருக்குப் பிடிச்சாப் போதும்.”

அவர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “நான் வேணாம்னுதான் சொல்லுவேன். நீங்க கேக்க மாட்டீங்க. புள்ளைகிட்டயாவது சொல்லிருங்க.”

“சொல்லிர்றேன்.”

சொல்லவில்லை. சொன்னால் அவள் அரை மணி நேரத்தில் திரும்ப முறுக்கிவிடுவாள் என்று தெரியும்.

அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள். “ம்மா, முன்னாடி சும்மா அமுங்குது. பிடிக்கவே மாட்டேங்குது.”

“புதுசுல அப்படித்தான். ஓட்ட ஓட்டச் சரியாயிரும். நீ இடது கைய நம்பு.”

“ஆமா, புது டிஸ்க் படியக் கொஞ்ச நாள் ஆகும்னு வீடியோவுல பாத்தேன்,” என்றாள். என் பொய்க்கு அவளே சாட்சி தேடிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. தினமும் ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். ஐப்பசி மழை பிடித்த அன்று, மதியம் மூன்றரை மணிக்கு மேல், தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது.

“உங்க பாப்பா நல்லாத்தான்மா இருக்கு. ஒண்ணும் இல்ல. பதறாம வாங்க.”

பதற வைப்பதற்கு இதைவிட வேறு வார்த்தை வேண்டாம். மேம்பாலத்து இறக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர் அவர். நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது அவருடைய பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். தாடையிலிருந்து ரத்தம் வழிந்து சீருடையில் மழையோடு கரைந்திருந்தது. இடது கையை மடியில் வைத்து வேறு யாருடையதோ போலப் பிடித்திருந்தாள். சைக்கிள் ஒரு தக்காளி வண்டியின் பின்னால் சாய்ந்து கிடந்தது. தக்காளி இறக்க அந்த வண்டி சட்டென்று நின்றிருக்கிறது. இவள் பிரேக் பிடித்திருக்கிறாள். பின் சக்கரம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. ஈரத் தாரில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று, பக்கவாட்டில் போய் வண்டியில் மோதியிருக்கிறாள்.

“ஸாரிம்மா,” என்றாள். அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

மணிக்கட்டில் எலும்பு முறிவு, தாடையில் மூன்று தையல். தலையில் அடி இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டேன், சொன்னார். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தோம். சாப்பிடும் கை வலது கைதான், அது நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் நான் ஊட்டினேன், அவளும் மறுக்காமல் வாயைத் திறந்தாள்.

இரண்டாவது நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

“ம்மா, எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியல. இம்புட்டு நல்ல வண்டிய வச்சுக்கிட்டு நிறுத்தத் தெரியல எனக்கு. இனிமே சைக்கிள் வேணாம். யாருக்காச்சும் குடுத்துரு. நான் ஸ்கூல் வேன்லயே போயிர்றேன்.”

எனக்கு உள்ளே ஏதோ இறங்கியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அது நிம்மதி. பிள்ளை இனி மேம்பாலம் இறங்க மாட்டாள். காலையில் வேன் வாசலுக்கு வரும், சாயங்காலம் வாசலில் விடும். நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். “சரிடா, உன் இஷ்டம்,” என்று சொல்லி அடுத்த வாயை ஊட்டினேன். மறுநாள் காலையில் வேன்காரரிடம் பேசி இடமும் சொல்லிவிட்டேன்.

விழுந்த நாளிலிருந்தே அவள் சன்னல் பக்கம் போவதைத் தவிர்த்தாள். சன்னலுக்கு வெளியேதான் சைக்கிள் நின்றது. அவளுடைய சிநேகிதிகள் பார்க்க வந்தபோது “நான்தான் சொதப்பிட்டேன்” என்று அவள் சிரித்துச் சொன்னது சமையலறை வரை கேட்டது. நான் ரசத்துக்கு இரண்டாவது முறை உப்புப் போட்டேன்.

என் கணவர் திருச்சூரிலிருந்து மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தார். நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தை மகள் மடியில் வைத்தார். தையலைப் பார்த்தார். கை கால் கழுவாமல் நேரே சைக்கிளிடம் போனார். வண்டி ஓட்டுகிறவர் அப்படித்தான். ஆள் எப்படி என்று தெரிந்த பிறகு வண்டி எப்படி என்று பார்த்தாக வேண்டும் அவருக்கு. முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வலது பிடியை அழுத்தினார். சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றியது. இன்னொரு தடவை அழுத்தினார்.

“எவன்யா இத மாட்டினது? முன் பிரேக்கே இல்ல இதுல!” குரல் தெருவுக்குக் கேட்டது. “நம்ம வீட்டு வண்டியெல்லாம் தெருமுனைப் பாய்தான பாப்பாரு? இரு வாரேன். இன்னைக்கி அவரக் கேக்காம விடுறதில்ல.”

மகள் வறுவலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

“ஏங்க, நில்லுங்க. அவர் மேல தப்பு இல்ல.”

“நீ சும்மா இரு. புள்ள உசுரு போயிருக்கும்.”

“நான்தாங்க. நான்தான் லூசாக்கச் சொன்னேன். அவர் மாட்டேன்னுதான் சொன்னாரு.”

கேட்டின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டார். அப்பாவின் பல், எருமை, லாடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே அது ஒரு காரணம் மாதிரிக் கேட்கவில்லை.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். முதலில் பேசியது மகள்தான்.

“அப்ப நான் சரியாத்தான் பிடிச்சனா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“ரெண்டையும் பிடிச்சியா தாயி?” என்றார் அவர்.

“ரெண்டையும்தான்ப்பா பிடிச்சேன். இறுக்கி.”

“அப்பச் சரியாத்தான் பிடிச்சிருக்க. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். வண்டி நிக்கல, நீ என்ன பண்ணுவ?”

அவளுக்கு அழுகை வந்தது. விழுந்த அன்று, தையல் போடும்போதுகூட அழாதவள். வறுவல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “உன் ஸ்கூட்டர்ல எந்தப் பிரேக் பிடிப்ப?”

“இடதுதான். எப்பவும் இடதுதான்.”

“அதுல இடது பிடிச்சாலே முன்னாடியும் சேந்து பிடிக்கும். இப்ப வர்ற வண்டியெல்லாம் அப்படித்தான் பண்றான். நீ அந்த ஸ்கூட்டர வாங்கின நாள்ல இருந்து தெனமும் முன் பிரேக் பிடிச்சுக்கிட்டுத்தான் போற. ஒரு தடவயாச்சும் பறந்தியா?”

கம்பி போய் ஒயர் வந்து, ஒயர் போய்த் தட்டு வந்து, என்னைப் போன்றவர்களை நம்பிப் பயனில்லை என்று பின் பிரேக்குக்குள்ளேயே முன் பிரேக்கை ஒளித்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பிரேக் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. நான் மட்டும் தாடிக்கொம்பு ரோட்டில் கேரியரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊட்டப் போனால் தட்டை வாங்கிக்கொண்டாள். “கை நல்லாத்தான் இருக்கு,” என்றாள். மூன்றாம் நாள் நான் தலை பின்னிவிடும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“வேற என்னத்தையெல்லாம் எனக்குத் தெரியாம லூசாக்கி வச்சிருக்க?”

யோசித்துச் சொன்னேன். டியூஷன் டீச்சரிடம் அவள் வந்ததும் மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லியிருப்பதைச் சொன்னேன். அவள் போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் தெரியும் என்பதைச் சொன்னேன்.

“அது தெரியும்.”

“எப்படி?”

“நான் ஐஸ்கிரீம் கடையில நின்னா உடனே போன் பண்ணி இருமலுக்கு மாத்திர சாப்டியான்னு கேக்குற. வேற எப்படி?”

ஜடை பின்னி முடிக்கும்வரை இருவரும் சிரிக்கக் கூடாது என்று இருந்தோம். முடியவில்லை.

மாவுக்கட்டு பிரித்து, கைக்கு நன்றாகப் பலம் வந்த பிறகு, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாய் கடைக்குப் போனோம். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“செஞ்சது என் கைதான்மா,” என்றார் அவர். “என் மகளுக்குன்னா செஞ்சிருப்பனா? அத நெனச்சு எனக்கும் ரெண்டு நாள் சோறு இறங்கல.” ஒயரை இழுத்து முறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு அழுத்திக் காட்டினார். சக்கரம் அந்த இடத்திலேயே நின்றது. “ஏறு பாப்பா.”

அவள் ஏறவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள். வலது கை விரல்கள் பிடியின் மேல் இருந்தன, அழுத்தவில்லை. முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அவள் பிடித்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைய இறக்கத்தில் அழுத்தியும் ஒன்றும் நடக்காத அந்த ஒரு நொடியை அவள் விரல்கள் மறக்கவில்லை.

“வேணாம்னா வீட்டுக்குப் போயிரலாம்டா,” என்றேன். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். “நீ ஓட்டு.”

“நானா?”

“நீ பிடிச்சுக் காட்டு. வலது கையில. அப்பறம் நான் ஏறுறேன்.”

பாய் ஸ்பேனரைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார். தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கறி வாங்கப் போகிறவர்கள். நாற்பத்தைந்து வயதில் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினேன். இருக்கை உயரம், கால் எட்டவில்லை. இரண்டு முறை தடுமாறி மூன்றாவது முறை சைக்கிள் ஓடியது. பத்துப் பன்னிரண்டு வீடு தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“பிடிம்மா!”

விரல்கள் மடங்கவில்லை. மடக்கு என்று நான் சொல்கிறேன், அவை கேட்கவில்லை. இடது கை மட்டும் பிடிக்கத் தயாராக இருந்தது.

“ரெண்டையும்! இடது மட்டும் பிடிச்சா நான் ஒத்துக்க மாட்டேன்!”

கோழிக் கடை வாசலில் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். கண்ணை மூட முடியாதே, ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கையையும் சேர்த்து அழுத்தினேன். சைக்கிள் நின்றது. குதிக்கவில்லை, சுழலவில்லை. யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. நான் இருக்கையில்தான் இருந்தேன். கால் எட்டாததால் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் ஓடிவந்தாள். “நின்னுருச்சு பாரும்மா,” என்று என் கையைப் பிடித்தாள். சைக்கிளை என்னிடமிருந்து வாங்கி ஏறினாள். கடை வரை போய் நிறுத்தினாள். திரும்பி என்னிடம் வந்து நிறுத்தினாள். மறுபடி கடை வரை. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் தாமதமாகப் பிரேக்.

நாலாவது முறை கடையில் நிற்கவில்லை. தெருமுனை தாண்டி மேம்பாலத்துப் பக்கம் திரும்பினாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நான் கடைக்கு நடந்து வருவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டாள்.

என் ஸ்கூட்டர் வீட்டில் இருந்தது. போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

“செத்த நேரம் உக்காருங்கம்மா, வந்துரும்,” என்று பாய் ஒரு ஸ்டூலைத் தள்ளி வைத்தார்.

போனைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.